சும்மா இருப்பவருக்கு என்ன கிடைக்கும்? – மின்னஞ்சல் சர்வர் டீஃபால்ட்டுகளின் கதை

டிஸ்கி: எழுதுவது பி.காம் படிக்கும் ஆள். கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்கள் அடிக்க வராதீர்கள். இது வரலாற்றுப் பதிவுதான், கோடு ஒரு வரிகூட இல்லை :)

2020-ல் வருமான வரியில் புதிய முறை ஒன்று வந்தது. வரி விகிதம் குறைவு, ஆனால் 80சி மாதிரியான கழிவுகள் பெரும்பாலும் கிடையாது. அப்போது அது கேட்டு வாங்குபவர்களுக்கு மட்டும்தான். 2023-24 நிதியாண்டிலிருந்து தலைகீழாகிவிட்டது. புதிய முறைதான் டீஃபால்ட். பழையது வேண்டுமென்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். தொழில் வருமானம் உள்ளவர் என்றால் அதற்கு 10-ஐஇஏ என்று தனிப் படிவமே கொடுக்க வேண்டியிருந்தது. யோசித்துப் பாருங்கள், இரண்டு முறையும் 2020-லிருந்தே சட்டத்தில் இருந்தன. அந்த வருடம் புரட்டிப் போடப்பட்டது, ஒன்றுமே சொல்லாமல் சும்மா இருப்பவருக்கு என்ன கிடைக்கும் என்பதைத்தான்.

இந்த 'சும்மா இருப்பவர்' தான் இந்தப் பதிவின் கதாநாயகர். டீஃபால்ட் என்பதை 'முன்னிருப்பு' என்று கணித்தமிழில் சொல்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனாலும் நம் வாயில் டீஃபால்ட் என்றுதான் வருகிறது, அப்படியே எழுதுகிறேன். டீஃபால்ட்டை மாற்றுவது எல்லாத் துறையிலும் தலைவலி. ஆனால் அந்தத் தலைவலிக்குப் பொறுமையாக வைத்தியம் பார்த்தவர்கள் என்று எனக்குத் தோன்றுவது மின்னஞ்சல் சர்வர் எழுதுகிறவர்களைத்தான். காரணம் சுலபம். பிரவுசர் கெட்டால் நமக்கு உடனே தெரியும். மின்னஞ்சல் சர்வர் கெட்டால், வராத கடிதம் வரவில்லை என்பதே நமக்குத் தெரியாது.

முதலில் செண்ட்மெயில். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் எழுதியது. யூனிக்ஸோடு சேர்ந்தே வந்ததால் நீண்ட காலம் இணையத்தின் தபால்காரர் என்றால் இதுதான். அந்தக் காலத்து இணையம் ஒரு சின்ன ஊர் மாதிரி. யார் வீட்டுக் கடிதமாக இருந்தாலும் வழியில் இருப்பவர் வாங்கி அடுத்தவரிடம் சேர்த்துவிடுவார். செண்ட்மெயிலின் டீஃபால்ட்டும் அதுதான்: யார் கொண்டுவந்து கொடுத்தாலும், யாருக்குப் போக வேண்டியதாக இருந்தாலும், வாங்கி அனுப்பு. இதற்கு 'ஓப்பன் ரிலே' என்று பெயர்.

டீஃபால்ட் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு முதல் பாடம் 1988 நவம்பர் 2-ஆம் தேதி கிடைத்தது. ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் விட்ட புழு நிரல் ஒரே இரவில் ஆயிரக்கணக்கான கணினிகளைப் படுக்க வைத்தது. அது நுழைந்த வழிகளில் ஒன்று செண்ட்மெயிலின் பிழை தேடும் வசதி. சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கான கதவு அது. பல இடங்களில் அதைத் திறந்த நிலையிலேயே விற்றிருந்தார்கள். வாங்கியவர்கள் யாரும் அதைத் திறக்கவில்லை, திறந்திருப்பதும் தெரியாது. சும்மா இருந்தார்கள், அவ்வளவுதான்.

ஓப்பன் ரிலேவின் விலை கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது. 1995 ஆகஸ்ட் 15-ல் விஎஸ்என்எல் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது, ஆரம்பத்திலேயே இடம்பெற்ற ஊர்களில் மெட்ராஸும் ஒன்று. அந்தக் காலத்து முகவரிகளில் எம்டி2.விஎஸ்என்எல்.நெட்.இன் என்று இருக்கும். எம்டி என்றால் மெட்ராஸ். 1996-ல் ஊர் சென்னை ஆனது, முகவரியில் எம்டி அப்படியே இருந்தது. பெயரை மாற்றியிருந்தால் விசிட்டிங் கார்டு அடித்த அத்தனை பேருக்கும் கடிதம் வராமல் போயிருக்கும். விமான நிலையக் குறியீடு இன்றும் எம்ஏஏ. அரசு பெயர் மாற்றும் வேகத்தில் முகவரி மாறாது, மாறவும் கூடாது.

அதே வருடங்களில்தான் உலகம் முழுக்க எரிதங்கள் பெருகின. எரிதம் அனுப்புகிறவன் தன் சொந்த சர்வரிலிருந்து லட்சம் கடிதம் அனுப்பினால் பிடித்துவிடுவார்கள். எங்கோ ஒரு கல்லூரியின் ஓப்பன் ரிலேவிடம் ஒரே ஒரு பிரதியைக் கொடுத்து 'இந்த லட்சம் பேருக்கும் சேர்த்துவிடு' என்றால் வேலை முடிந்தது. செலவும் கெட்ட பெயரும் கல்லூரிக்கு. (எங்கள் அனகாபுத்தூர் தறிகளிலிருந்து ஒரு காலத்தில் மெட்ராஸ் கைக்குட்டைத் துணி நைஜீரியாவுக்குக் கப்பலேறியது. அந்த நாட்டின் பெயரைச் சொன்னால் இங்கே பெரியவர்களுக்கு இன்றும் கட்டம் போட்ட துணிதான் ஞாபகம் வரும். மற்ற உலகத்துக்கு 'இளவரசர் பணம் அனுப்புகிறார்' மின்னஞ்சல்! எரிதக்காரர்கள் ஒரு நாட்டின் பெயரையே எப்படி மாற்றிவிடுகிறார்கள் பாருங்கள்.)

செண்ட்மெயில் 8.8 பதிப்பு 1996-ல் வந்தபோதே ரிலேவைத் தடுக்க வழி இருந்தது. ஆனால் விதிகளை நிர்வாகி தானே எழுத வேண்டும். செண்ட்மெயிலின் விதி மொழியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பூனை கீபோர்டில் நடந்த மாதிரி இருக்கும். எத்தனை பேர் எழுதியிருப்பார்கள்? 1998 மே மாதம் வந்த 8.9 பதிப்பில்தான் டீஃபால்ட்டையே மாற்றினார்கள். இனி ரிலே கிடையாது, வேண்டுமென்றால் யாருக்கு அனுமதி என்று பட்டியல் போடு. பழையபடி எல்லாருக்கும் திறந்துவிட வேண்டுமா, அதற்கும் ஒரு வரி உண்டு. அந்த வசதிக்கு ஆங்கிலத்தில் 'ஒழுக்கம் கெட்ட' என்று தொனிக்கிற பெயரை வேண்டுமென்றே வைத்தார்கள். போடுகிறவருக்குக் கொஞ்சம் கூச்சம் வரட்டும் என்று.

சரியான முடிவுதான். ஆனால் அப்கிரேட் செய்தவர்கள் என்ன ஆனார்கள்? வெளியூரிலிருந்து அலுவலக சர்வர் வழியாக அனுப்பிக்கொண்டிருந்தவரின் கடிதம் திடீரென்று மறுக்கப்பட்டது. இன்னொரு நிறுவனத்துக்கு மாற்று சர்வராக இருந்தவர்கள், பட்டியலில் அந்தப் பெயரைச் சேர்க்கும்வரை அவர்கள் கடிதங்களைத் தடுத்துக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம், அப்கிரேடே செய்யாதவர்கள் பல வருடம் ஓப்பன் ரிலேவாகவே தொடர்ந்தார்கள். ஒழுங்காக அப்கிரேட் செய்தவருக்கு வலி, சோம்பேறிக்கு ஒன்றும் இல்லை. டீஃபால்ட்டை ஒரேயடியாக மாற்றினால் வரும் சிக்கலே இதுதான். அடுத்த முறை 'புதுப் பதிப்பு வந்திருக்கிறது' என்றால், போன முறை அடிபட்டவர் தள்ளிப்போடுவார். அப்படித் தள்ளிப்போடுவது பாதுகாப்புத் திருத்தங்களையும் சேர்த்துத்தான்.

இங்கேதான் போஸ்ட்ஃபிக்ஸ் வருகிறது. எழுதியவர் வீட்ஸே வெனிமா, நெதர்லாந்துக்காரர். ஐபிஎம் நிறுவனத்தின் வாட்ஸன் ஆய்வு மையத்தில் இருந்தபோது செண்ட்மெயிலுக்கு மாற்றாக எழுதி 1998 டிசம்பரில் வெளியிட்டார். பாதுகாப்புத் துறையிலிருந்து வந்தவர் என்பதால் சந்தேகப் புத்தி அதிகம். அடுத்தவர் சர்வர் மேல் மட்டுமல்ல, தன் சாஃப்ட்வேர் மேலும், அதைப் பயன்படுத்தும் நிர்வாகி மேலும்.

2013-ல் வந்த 2.10 பதிப்பைப் பாருங்கள். அதுவரை யார் ரிலே செய்யலாம் என்ற விதியும், எரிதம் தடுக்கும் விதிகளும் ஒரே பட்டியலில் கலந்து கிடந்தன. எரிதத்துக்காக ஒரு வரியை மாற்றப் போய், கை தவறி ரிலேவைத் திறந்துவிடலாம். அதனால் ரிலேவுக்கென்று தனிப் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தார்கள், அதற்குப் பாதுகாப்பான ஒரு டீஃபால்ட்டும் வைத்தார்கள்.

அந்த டீஃபால்ட்டில் ஒரு நுணுக்கம். மின்னஞ்சல் சர்வர் 'முடியாது' என்று இரண்டு விதமாகச் சொல்லலாம். 5-ல் ஆரம்பிக்கும் எண் வந்தால் நிரந்தர மறுப்பு, கடிதம் உடனே அனுப்பியவருக்கே திரும்பும். 4-ல் ஆரம்பித்தால் 'இப்போது முடியாது, அப்புறம் வா'. அனுப்பும் சர்வர் கடிதத்தை வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயற்சி செய்யும். போஸ்ட்ஃபிக்ஸ் என்றால் வழக்கமாக 5 நாள். புதிய ரிலே பட்டியலின் டீஃபால்ட் இந்த 4 வகை. அப்கிரேட் செய்தவரின் சர்வரில் நியாயமான யாரோ ஒருவர் தவறுதலாகத் தடுக்கப்பட்டால், கடிதம் அழிந்து போகாது, வரிசையில் நிற்கும். நிர்வாகிக்குப் புகார் வந்து, அவர் திருத்தியதும் தானாகவே போய்ச் சேரும். கதவு பூட்டியிருந்தால் தபால்காரர் 'விலாசதாரர் இல்லை' என்று திருப்பி அனுப்பாமல் நாளைக்கு வருவது மாதிரி. 4-க்கும் 5-க்கும் ஒரு எண்தான் வித்தியாசம், ஆனால் அதில் எவ்வளவு கருணை!

ஆனால் இது ஒரே ஒரு செட்டிங்குக்கான வைத்தியம். மொத்தமாக ஒரு வழி 2015 பிப்ரவரியில் 3.0 பதிப்போடு வந்தது. இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

போஸ்ட்ஃபிக்ஸின் முக்கிய செட்டிங் ஃபைலுக்கு மெயின்.சிஎஃப் என்று பெயர். மொத்தம் பல நூறு செட்டிங்குகள் உண்டு, ஆனால் சாதாரண சர்வரில் இந்த ஃபைலில் சில வரிகள்தான் இருக்கும். எழுதாத மற்றதெல்லாம் சாஃப்ட்வேருக்குள் இருக்கும் டீஃபால்ட்டிலிருந்து வரும். அப்கிரேட் செய்யும்போது ஃபைலை யாரும் தொடமாட்டார்கள். உள்ளே இருக்கும் டீஃபால்ட் மட்டும் மாறும். அதாவது நிர்வாகி எழுதாத வரி, அவருக்குத் தெரியாமல் வேறு அர்த்தம் கொள்ளும்.

எழுதாமல் விட்டதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். அப்படி ஒரு செட்டிங் இருப்பதே தெரியாமல் விட்டிருக்கலாம். அல்லது 'டீஃபால்ட்டே எனக்கு வேண்டியதுதான்' என்று தெரிந்தே விட்டிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே காலியிடம். சாஃப்ட்வேரால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

வெனிமா செய்தது இது. 'கம்பாட்டிபிலிட்டி லெவல்' என்று ஒரு புதிய செட்டிங். பொருந்து நிலை என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு டீஃபால்ட் 0. 3.0-வைப் புதிதாக நிறுவினால் கூடவே வரும் மெயின்.சிஎஃப்-ல் அது 2 என்று ஒரு வரி எழுதியிருக்கும். பழைய சர்வரை அப்கிரேட் செய்தால், பழைய மெயின்.சிஎஃப்-ல் அந்த வரி இருக்க வாய்ப்பே இல்லை, அதனால் 0. இந்த ஒரு வரி இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே, புது வீட்டில் குடியேறியவரா, பழைய வீட்டுக்கு வெள்ளையடித்தவரா என்று சாஃப்ட்வேருக்குத் தெரிந்துவிடும். புதியவருக்குப் புதிய டீஃபால்ட். பழையவருக்குப் பழைய டீஃபால்ட், கூடவே ஒரு எச்சரிக்கை.

எச்சரிக்கை கொடுத்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 'பத்து டீஃபால்ட் மாறியிருக்கிறது, படித்துக்கொள்' என்று ஒரு நோட்டீஸ் ஒட்டினால் யார் படிப்பார்கள்? போஸ்ட்ஃபிக்ஸ் அப்படிச் செய்யவில்லை. பழைய டீஃபால்ட்டால் நிஜமாகவே ஒரு கடிதத்தின் கதி மாறும் நேரத்தில் மட்டும், 'பழைய செட்டிங்கைப் பயன்படுத்தி இந்தக் கடிதத்தை இப்படிக் கையாண்டேன்' என்று லாகில் ஒரு வரி எழுதும்.

ஒரு உதாரணம். பழைய போஸ்ட்ஃபிக்ஸில் 'ராமு@அக்கவுண்ட்ஸ்' என்று அரைகுறையாக எழுதினாலும் நிறுவனத்தின் டொமைனைத் தானே பின்னால் ஒட்டிக்கொள்ளும். உள்ளூர் தபால்காரர் தெருப் பெயரை மட்டும் பார்த்துக் கடிதத்தைச் சேர்ப்பது மாதிரி. 3.0-ல் இந்த ஒட்டு வேலை டீஃபால்ட்டாகக் கிடையாது. 0 நிலையில் இருக்கும் சர்வர் பழையபடி ஒட்டும், லாகில் குறிக்கும். சில வாரம் கழித்து நிர்வாகி பார்க்கிறார். அப்படி வரியே இல்லையென்றால் அங்கே யாரும் அரைகுறையாக எழுதுவதில்லை, நிலையை உயர்த்திவிடலாம். வரிகள் இருந்தால், பழைய செட்டிங்கை மெயின்.சிஎஃப்-ல் வெளிப்படையாக எழுதி வைத்துவிட்டுப் பிறகு உயர்த்தலாம். இதுநாள்வரை காலியிடமாக இருந்தது இப்போது அவர் கையால் எழுதிய முடிவாகிவிட்டது.

இன்னொரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். முன்பு தன்னோடு ஒரே சப்நெட்டில் இருக்கும் எல்லா இயந்திரங்களையும் போஸ்ட்ஃபிக்ஸ் நம்பும், அவை கேட்டால் ரிலே செய்யும். 1998-ல் அது சரி, பக்கத்து இயந்திரம் என்றால் பக்கத்து மேசை. வாடகை சர்வர் காலத்தில் பக்கத்து இயந்திரம் யாருடையது என்று யாருக்குத் தெரியும்? 2-ஆம் நிலையில் தன்னை மட்டும்தான் நம்பும். தெருவில் எல்லாரிடமும் சாவி கொடுத்த காலம் போய், அபார்ட்மெண்டில் எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாத காலம் வந்துவிட்டது இல்லையா, அது மாதிரி.

எங்கள் ஊருக்கும் இப்படி ஒரு அப்கிரேட் நடந்தது. 2019-ல் மாவட்டம் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு ஆனது. 2021-ல் அனகாபுத்தூர் நகராட்சியே இல்லாமல் போய்த் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தது. ஆனால் பின்கோடு அதே 600070. பழைய மாவட்டப் பெயர் போட்டு வந்த கடிதத்தையும் தபால்காரர் கொண்டுவந்து கொடுக்கிறார். நிர்வாகம் மேலே மாறியது, கடிதம் சேரும் வழி கீழே மாறவில்லை.

எல்லாரும் இவ்வளவு பொறுமையாக இருக்கவில்லை. எக்ஸிம் என்று ஒரு சர்வர் உண்டு, பிலிப் ஹேஸல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1995-ல் எழுதத் தொடங்கியது. 2020 ஜூனில் வந்த அதன் 4.94 பதிப்பு, வெளியிலிருந்து வரும் எந்த எழுத்தையும் 'கறைபட்டது' என்று குறித்து, ஃபைல் பெயர்களில் அதை நேரடியாகப் பயன்படுத்தவிடாமல் தடுத்தது. நல்ல நோக்கம், நிஜமான ஆபத்தும்கூட. ஆனால் பெறுபவர் பெயரை வைத்து அஞ்சல்பெட்டி ஃபைலைத் தேடுவது பல சர்வர்களின் அன்றாட வழக்கம். அவையெல்லாம் அப்கிரேட் ஆனதும் கடிதத்தைச் சேர்க்க முடியாமல் நின்றன. 2021 மே மாதம் குவாலிஸ் நிறுவனம் எக்ஸிமில் 21 ஓட்டைகளை வெளியிட்டது, திருத்தம் 4.94.2 பதிப்பில். டெபியன் போன்றவை தங்கள் பழைய பதிப்புக்கே ஒட்டுப் போட்டுக் கொடுத்தன. நேரடியாக எக்ஸிமிடமிருந்து வாங்கியவர்களுக்கோ, ஓட்டையை அடைக்க வேண்டுமென்றால் கறை விதியையும் சேர்த்து விழுங்க வேண்டும். பிறகு தடையை வெறும் எச்சரிக்கையாகக் குறைக்கும் தற்காலிக வசதி ஒன்று வந்தது. அதை முதல் நாளே கொடுத்திருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

போஸ்ட்ஃபிக்ஸோ அதே வழியில் தொடர்ந்தது. 2021 ஏப்ரலில் வந்த 3.6-ல் நிலை எண்ணைப் பதிப்பு எண்ணோடு சேர்த்துவிட்டார்கள். 'எனக்கு 3.6 காலத்து டீஃபால்ட்' என்று எழுதலாம். அந்தப் பதிப்பில் லாகில் வரும் 'கறுப்புப் பட்டியல்', 'வெள்ளைப் பட்டியல்' என்ற சொற்களை நீக்கி, மறுப்புப் பட்டியல், அனுமதிப் பட்டியல் என்ற பொருளில் எழுதினார்கள். அதற்கும் பாதுகாப்பு வலை உண்டு! பழைய நிலையில் இருப்பவர்களுக்குப் பழைய சொல்லே வரும், ஏனென்றால் அந்தச் சொல்லைத் தேடி லாகைப் படிக்கும் சின்னச் சின்ன நிரல்கள் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கும்.

இதுவரை பாராட்டு. இனி, ஒரு தமிழனாக எனக்கு இருக்கும் புகார்.

கணினியில் தமிழ் எழுதியவர்களுக்கு எழுத்து மாற்றத்தின் வலி புதிதல்ல. டிஸ்கி, டேப், டேம் என்று எத்தனை குறியீடுகள். ஒன்றில் எழுதி இன்னொன்றில் திறந்தால் ஜிலேபி ஜிலேபியாக வரும். 2010-ல் தமிழ்நாடு அரசும் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. கடிதத்தின் உள்ளே தமிழ் என்பது தீர்ந்துவிட்ட பிரச்சினை. கடித உறையின் மேல் தமிழ்? 2010-ல் .இலங்கை, 2011-ல் .சிங்கப்பூர், .இந்தியா என்று தமிழில் முடியும் டொமைன்கள் வந்தன. 'முருகன்@உதாரணம்.இந்தியா' என்ற முகவரிக்கு அஞ்சல் போக, எஸ்எம்டிபி-யூடிஎஃப்8 என்ற நெறிமுறை 2012 பிப்ரவரியில் வெளியானது. ஜிமெயில் 2014 ஆகஸ்டில் இத்தகைய முகவரிகளோடு கடிதப் போக்குவரத்தை ஏற்றது. 2016-ல் ஜெய்ப்பூரின் டேட்டா எக்ஸ்ஜென் நிறுவனம் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் முகவரி கொடுத்தது. 2018 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்டும் 15 இந்திய மொழி முகவரிகளுக்கு ஆதரவை அறிவித்தது.

போஸ்ட்ஃபிக்ஸுக்கு இந்த வசதி வந்தது அதே 3.0-ல். ஆரம்ப நிரலை எழுதியவர் ஆர்ன்ட் குல்பிராண்ட்சென், செலவை ஏற்றது சீனாவின் சிஎன்என்ஐசி. (நம் ஊர் நிறுவனம் ஒன்று ஏற்றிருக்கக் கூடாதா என்று தோன்றியது. போகட்டும்.) புதிய நிறுவல் என்றால் வசதி டீஃபால்ட்டாக ஆன். 0 நிலையில் இருக்கும் பழைய சர்வரில் ஆஃப்.

ஏன் ஆஃப் என்பதற்கு நியாயமான காரணம் உண்டு. பழைய போஸ்ட்ஃபிக்ஸ் ஆங்கிலமல்லாத எழுத்து முகவரியில் வந்தால் எந்தக் கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். புதிய செட்டிங்கில், அனுப்புகிறவர் முறைப்படி அந்த நெறிமுறையைக் கேட்காவிட்டால் மறுத்துவிடும். திடீரென்று மறுத்தால் பழைய அப்ளிகேஷன்கள் அடிபடும். அதனால் பாதுகாப்பு வலை அவற்றை ஏற்று, லாகில் எச்சரிக்கை எழுதுகிறது.

இப்போது முருகன் என்ன ஆகிறார் என்று பாருங்கள். அவருடைய சர்வர் விதிப்படி நடப்பது. எதிர்சர்வரைத் தொடர்புகொண்டதும் 'உனக்கு யூடிஎஃப்8 முகவரி தெரியுமா?' என்று அதன் வசதிப் பட்டியலைப் பார்க்கிறது. ஆஃப் ஆக இருப்பதால் பட்டியலில் இல்லை. எனவே முகவரியைச் சொல்லாமலேயே இணைப்பைத் துண்டித்துவிட்டு, கடிதத்தை முருகனிடமே திருப்பிக் கொடுக்கிறது. மாற்று வழியும் இல்லை. 2008-ல் வந்த சோதனை நெறிமுறையில், தமிழ் முகவரியோடு துணையாக ஒரு ஆங்கில முகவரியையும் அனுப்பும் ஏற்பாடு இருந்தது, 2012-ல் அதைக் கைவிட்டார்கள். பெறும் பக்கத்து லாகில் என்ன பதிவாகிறது? யாரோ வந்தார்கள், போனார்கள். எச்சரிக்கை வரி கிடையாது, ஏனென்றால் எச்சரிக்கை எழுதுவது முறைப்படி கேட்காமல் தமிழ் முகவரியைத் திணிக்கும் அனுப்புநருக்கு மட்டும்தான்.

விதியை மீறியவருடைய கடிதம் ஏற்கப்படுகிறது, நிர்வாகிக்கு அறிவிப்பும் போகிறது. விதிப்படி நடந்தவர் தடயமே இல்லாமல் திரும்புகிறார். நிர்வாகி பொறுப்பாக லாகைத் தேடிப் பார்த்தாலும் 'ஒன்றும் இல்லையே' என்றுதான் தோன்றும். இது வெனிமாவின் பிழை என்று சொல்ல மாட்டேன். பாதுகாப்பு வலை ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் போக்குவரத்துக்காகப் பின்னப்பட்டது. இன்னும் தொடங்காத போக்குவரத்து அதன் கண்ணில் படாது. தமிழ் முகவரி அந்த இரண்டாவது வகை.

நாங்கள் படிக்கும் கணக்கியலில் ஒரு புதிய தரநிலை வந்தால் அதில் இடைக்கால ஏற்பாடு என்று ஒரு பகுதி இருக்கும், அதில் தேதியும் இருக்கும். பங்கு விற்பனையில் நீண்டகால மூலதன ஆதாய வரி 2018-ல் திரும்ப வந்தபோதும், 2018 ஜனவரி 31 வரை ஏறிய மதிப்புக்குப் பாதுகாப்பு, அதற்கு மேல் வரி என்று கோடு போட்டார்கள். பழையவரைக் காப்பாற்றியாயிற்று, எதுவரை என்பதும் தெரியும். போஸ்ட்ஃபிக்ஸின் 0 நிலைக்கு அப்படி ஒரு தேதி வைக்கப்படவில்லை. 2015-க்கு முன் நிறுவி, அந்த வரியை எழுதாமலே அப்கிரேட் செய்துகொண்டு வரும் சர்வர், பழைய டீஃபால்ட்டோடு எத்தனை வருடமும் ஓடலாம். எல்லா செட்டிங்குக்கும் தேதி வைக்கச் சொல்லவில்லை. அரைகுறை முகவரியில் டொமைனை ஒட்டுவது அந்த அலுவலகத்தின் சொந்த விஷயம், அப்படியே இருக்கட்டும். வெளியில் இருப்பவர் கடிதம் சேருமா என்பதை முடிவு செய்கிற செட்டிங்குக்காவது ஒரு கெடு இருந்திருக்கலாம் என்பது என் கருத்து. விவரம் தெரிந்தவர்கள் மறுத்துப் பேசினால் கேட்டுக்கொள்கிறேன்.

2025 ஜனவரியில் வந்த டவ்காட் 2.4 வேறு வழியை எடுத்திருக்கிறது. (அஞ்சல்பெட்டியைத் திறந்து காட்டும் சர்வர் அது, டிமோ சிரைனனுடையது.) செட்டிங் ஃபைலின் முதல் வரியிலேயே 'இது எந்தப் பதிப்புக்கு எழுதியது' என்று சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் கிளம்பவே கிளம்பாது. காலியிடத்துக்கு இடமே கொடுக்கவில்லை. அங்கே போய்ச் சேர 2.3-ன் செட்டிங் ஃபைல்களைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது என்பது தனிக்கதை, நிர்வாகிகளைக் கேட்டால் கண்ணீரோடு சொல்வார்கள்.

உங்கள் கல்லூரியிலோ அலுவலகத்திலோ போஸ்ட்ஃபிக்ஸ் பார்த்துக்கொள்ளும் அண்ணன் யாராவது இருந்தால், மெயின்.சிஎஃப்-ல் கம்பாட்டிபிலிட்டி லெவல் என்ற வரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் லாகில் எச்சரிக்கை வரிகளைத் தேடி, வேண்டிய பழைய செட்டிங்குகளை எழுதி வைத்துவிட்டு நிலையை உயர்த்தட்டும். யூடிஎஃப்8 முகவரி விஷயத்தில் மட்டும் லாகை நம்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெளியிலிருந்து அந்த சர்வரைத் தொடர்புகொண்டு, அது சொல்லும் வசதிப் பட்டியலில் எஸ்எம்டிபி-யூடிஎஃப்8 இருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும்.